புதிய குஞ்சும் பழைய கூட்டமும்

வீட்டின் புறக்கடையில் வளர்க்கப்படும் பறவைகளுள் வாத்தும் ஒன்று. அது வயலிலும் குளத்திலும் நத்தை, புழு முதலியவற்றைத் தானே தேடித் தின்னும். மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாது. ஆயினும், வீட்டு வாத்துகள் பல அடைகாக்கும் இயல்பைப் பெரிதும் இழந்துவிட்டன. ஆதலின், சிற்றூர்களில் வாத்து முட்டைகளை அடைக்கோழியின்கீழ் வைத்துப் பொரிக்கச் செய்வர். கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டை பொரிய 28 நாள் செல்லும். அத்தனை நாளும் கோழி பொறுமையோடு அடைகாக்கும்.

இவ்வாறு பிறந்த குஞ்சுகளுக்கு வாத்துக் கூட்டத்தில் தாய் இல்லை. வளர்ந்த வாத்துகளிடையே அவற்றைத் திடீரென்று விட்டால், பெரியவை அவற்றை அரவணைக்கமாட்டா. அலகால் கொத்தும், தீனியை நெருங்கவொட்டாமல் துரத்தும். ஆண் வாத்துகள் குஞ்சுகளை நீரில் அமிழ்த்திக் கொன்றுவிடுதலும் உண்டு.

இதற்குக் காரணம் யாது? பறவைக் கூட்டத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. எது முதலில் உண்பது, எது விலகி நிற்பது என்பன அங்கு முன்னரே முடிவானவை. நார்வே நாட்டு அறிஞர் தோர்லைஃப் ஷெல்டரப்-எபே என்பவர் கோழிகளை ஆராய்ந்து, அவை கொத்துவதிலும் ஒரு வரிசைமுறை இருத்தலை 1922ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். வாத்துகளிடையேயும் இத்தகைய வரிசை காணப்படுகிறது. புதியது ஒன்று புகும்போது அவ்வரிசை கலைகிறது, பூசல் எழுகிறது. வலிமை ஒத்தவற்றிடையே அது சில நாளில் அடங்கும். இளங்குஞ்சுக்கோ உயிர்க்கேடாய் முடியும்.

ஆகவே, அறிமுகம் படிப்படியாக நிகழ வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளாயின், நோயில்லை என்று தெளிய இரண்டு வாரமேனும் அவற்றைத் தொலைவில் வைத்தல் நலம். பின்னர், பெரிய வாத்துகளின் பட்டியை ஒட்டிக் கம்பிவலை அடைப்பொன்று அமைத்துக் குஞ்சுகளை அதனுள் விட வேண்டும். அங்கே ஒன்றையொன்று காணலாம், குரலைக் கேட்கலாம், கொத்த இயலாது. நாளடைவில் புதுமை மறைந்து பழக்கம் பிறக்கும்.

குஞ்சின் உடலில் இறகு நிறைய ஏழெட்டு வாரம் ஆகும். அதுவரை அதனைக் குளத்தில் நெடுநேரம் விடுதல் தகாது. தாய் வாத்தோடு வளராத குஞ்சின் மென்தூவி எளிதில் நனையும். குளிரால் அது இறக்கவும் கூடும். தீனியும் வேறாதல் வேண்டும். முட்டையிடும் வாத்துகளின் தீனியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குஞ்சின் சிறுநீரகத்திற்கு அது தீங்கு தரும்.

இறகு நிறைந்தபின், குஞ்சுகள் அனைத்தையும் ஒருசேரப் பெரியவற்றோடு விடலாம். முதலில் அகன்ற வெளியில், வளர்ப்போர் அருகிலிருக்கச் சிறிது நேரம் விடுதல் போதும். தீனியும் நீரும் இரண்டு மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் துரத்தப்பட்டது மற்றோரிடத்தில் உண்ணும். ஓடி ஒளிய மறைவிடமும் தேவை. சிறு துரத்தலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. குருதி கசியக் கொத்தினால் உடனே பிரித்தல் வேண்டும்.

இம்முறைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கம்பிவேலியும் சில வாரப் பொறுமையும் இருப்பின், நேற்றுவரை அயலாய் நின்ற குஞ்சுகள் பெரியவற்றின் பின்னே வரிசையாய்க் குளத்திற்குச் செல்லும்.