வெகுமதி தரும் கடனட்டைகள்: கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

வாங்குவோனுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுத்து அவனைத் தன் கடைக்கே மீண்டும் வரச்செய்தல் வணிகத்தைப் போலவே பழைமையான வழக்கமாகும். அளந்த அரிசியின்மேல் ஒரு பிடி கூட்டிப் போடும் கடைக்காரரும், ஆண்டுப் பிறப்பில் நாட்காட்டி வழங்கும் வணிகரும் இவ்வழக்கத்தையே போற்றி வருகின்றனர். இந்நாளில் அவ்வழக்கம் கடனட்டை என்னும் சிறு தகட்டினுள் புகுந்துகொண்டது. பொருள் வாங்கும்போதெல்லாம் புள்ளிகள் சேரும் என்றும், அப்புள்ளிகளைக் கொண்டு விமானப் பயணமும் பட்டுச் சேலையும் பெறலாம் என்றும், சிறிது பணம் நீர் பயின்ற பாடசாலைக்கும் போய்ச் சேரும் என்றும் வங்கிகள் கூறுகின்றன.

வந்தாறுமூலையில் 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய கல்விநிலையம் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் பின்னர் இப்பகுதியில் மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் பெருகினர். கடனட்டையை முதலில் நாடிவருவது மாதச் சம்பளத்தையே. ஆதலின் இவ்வட்டைகளின் வரலாற்றையும், அவை தரும் வெகுமதியின் ஊற்றையும் நம் பழைய மாணவர் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வெகுமதியின் வரலாறு

1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள ரொச்டேல் என்னும் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெண்மர் கூடி ஒரு கடையைத் திறந்தனர். கடையில் மிஞ்சிய இலாபத்தை, ஒவ்வோர் அங்கத்தவரும் எவ்வளவுக்குப் பொருள் வாங்கினாரோ அவ்வளவுக்கேற்பப் பகிர்ந்தளித்தனர். வாங்கிய அளவுக்குத் தக வெகுமதி என்னும் நெறி உலகெங்கும் பரவியது இவர்களாலேயே. நம் ஊர்களில் 'சங்கக்கடை' என வழங்கும் கூட்டுறவுக் கடையும் அந்த மரபில் வந்ததே. அங்கே திரும்பி வந்த பணம் அங்கத்தவரின் சொந்தப் பணம் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் நாம் கூறப்போவதற்கு அது வேண்டியதாகும்.

1896இல் அமெரிக்காவில் ஸ்பெரி, ஹச்சின்சன் என்போர் பச்சைமுத்திரை முறையைத் தொடங்கினர. வணிகர் அம்முத்திரைகளை விலைகொடுத்து வாங்கித் தம்மிடம் பொருள் வாங்குவோர்க்கு அளிப்பர். அவர்கள் அவற்றை ஏட்டில் ஒட்டிச் சேர்த்து, ஏடு நிறைந்ததும் வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொள்வர். முத்திரைக்கான செலவு வணிகரைச் சார்ந்தது. வணிகரோ அதனைப் பொருளின் விலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. 1958இல் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்தில், கேளாதவர்க்கும் ஏறத்தாழ 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. அதுவே பிற்காலத்தில் 'வீசா' எனப் பெயர் பெற்றது. 1986இல் 'டிஸ்கவர்' அட்டை, செலவிட்ட பணத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியது. 1987இல் சிற்றி பாங்கும் அமெரிக்கன் எயர்லைன்சும் சேர்ந்து, செலவிட்ட டொலருக்கு ஏற்ப விமானப் பயண மைல்களை வழங்கும் அட்டையை வெளியிட்டன. 1992இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் அட்டை, செலவில் நூற்றுக்கு 5 வீதத்தை அந்நிறுவனத்தின் புதிய மோட்டார் வண்டி வாங்குதற்கெனச் சேர்த்து வைத்தது. அன்றுமுதல் வெகுமதி அட்டைகள் பல கிளைகளாகப் பிரிந்தன.

அரிய அட்டைகள் சில

எல்லோர்க்கும் பொதுவான அட்டைகள் ஒருபுறமிருக்க, ஒரு சிறு கூட்டத்தார்க்கென்றே அமைந்தவை விந்தையானவை. 1928இல் சென்னையில் நிறுவப்பட்டுப் பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற நல்லி நிறுவனத்தின் பெயரால் இந்தியாவில் எஸ்.பி.ஐ. கார்ட் ஓர் அட்டையை வெளியிட்டது. அந்தக் கடைகளில் வாங்குவோர்க்குப் புள்ளிகள் மிகுதி. இரயில் பயணிகளுக்கென ஐ.ஆர்.சி.டி.சி. அட்டை உண்டானது, அதன் புள்ளிகள் இரயில் பயணச்சீட்டாக மாறுவன. மருத்துவர்க்கென வந்த அட்டையோ தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியையும் உடன் கொண்டிருந்தது. பட்டுடுத்துவோர், பயணஞ் செய்வோர், பிணி தீர்ப்போர் எனத் தொழிலும் விருப்பமும் நோக்கி அட்டைகள் வகுக்கப்பட்டன.

சுவீடன் நாட்டில் 2019இல் டொகோனொமி என்னும் நிறுவனம் அறிவித்த அட்டை இவற்றுக்கெல்லாம் நேர்மாறானது. ஒருவர் வாங்கும் பொருள்களால் வளிமண்டலத்திற் சேரும் கரியமில வாயுவை அது கணக்கிடும். வரையறுத்த அளவு எட்டியவுடன் மேலும் வாங்கவிடாது நின்றுவிடும். செலவைத் தூண்டும் அட்டைகளினிடையே செலவைத் தடுக்கும் அட்டை இது.

பழைய மாணவராகிய நமக்கு நெருங்கியது வேறொன்று. அமெரிக்காவில் 1982இல் தோன்றிய எம்.பி.என்.ஏ. என்னும் வங்கி, 1983இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்தின் பெயர் பொறித்த அட்டையை வெளியிட்டது. தாம் பயின்ற கல்விநிலையத்தின் இலச்சினையைச் சட்டைப்பையிற் கொண்டு திரிவதில் பட்டதாரிகள் மகிழ்ந்தனர்; சங்கங்களுக்கோ வங்கியிடமிருந்து பணம் கிடைத்தது. வங்கி பெற்றது யாது? சங்கத்தின் அங்கத்தவர் பெயர்களும் முகவரிகளும் அடங்கிய இடாப்பும், தாய்க்கல்லூரியின்மேல் அவர்கள் கொண்ட பற்றும் ஆகும்.

இவ்வொப்பந்தங்கள் பெருகின. 2009ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கக் கல்விநிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வங்கிகளோடு செய்திருந்த ஒப்பந்தங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. வங்கிகள் அவற்றுக்குக் கொடுத்த தொகை 8 கோடி டொலரையும் கடந்தது. அதே ஆண்டில் அந்நாட்டு மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பரிசுப் பொருளைக் காட்டி மாணவரை அட்டைக்கு விண்ணப்பிக்கத் தூண்டுதலைப் பல்கலைக்கழக வளாகத்திலும் அதன் அயலிலும் அச்சட்டம் விலக்கியது. ஒப்பந்தங்களை வெளிப்படையாக அறிவிக்கவும் பணித்தது. ஒளியிலே வைக்கப்பட்ட பின்னர் அவ்வொப்பந்தங்கள் ஆண்டுதோறும் குறைந்தன.

வெகுமதி ஊறும் இடம்

வங்கி தன் பெட்டியிலிருந்து வெகுமதியை எடுத்துக் கொடுப்பதாக எண்ணுதல் பிழை. அதற்கு மூன்று ஊற்றுகள் உள. முதலாவது, வணிகர் தரும் கழிவு. ஆயிரம் ரூபாவுக்கு ஒருவர் அட்டை கொண்டு பொருள் வாங்கினால், கடைக்காரர் கைக்கு முழு ஆயிரமும் வந்து சேர்வதில்லை. ஒரு பங்கு வங்கிகளுக்கும் அட்டை நிறுவனத்துக்கும் கழிக்கப்படும். இரண்டாவது, கடனை முழுதும் அடைக்காதவர் செலுத்தும் வட்டி. மூன்றாவது, ஆண்டுக் கட்டணமும் தாமதக் கட்டணமும்.

முதல் ஊற்றின் வலிமையை ஐரோப்பா காட்டிற்று. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம், கடனட்டைக் கொடுக்கல்களில் வங்கிக்கு வங்கி செலுத்தும் கழிவை 0.3 வீதத்துக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. பின்னர் அங்கே பல அட்டைகளின் வெகுமதிகள் சுருங்கின. ஊற்று வற்றினால் குளமும் வற்றும் அன்றோ?

கடைக்காரரோ இக்கழிவை எல்லோர்க்கும் ஒன்றான விலையிலேயே ஏற்றுவார். ஆகவே அட்டையே இல்லாது காசு கொடுத்து வாங்குவோரும் அதனைச் சுமக்கின்றனர். அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்து மத்திய ஒதுக்கு வங்கியைச் சார்ந்த ஆய்வாளர் 2010இல் இதனைக் கணக்கிட்டனர். காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 149 டொலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கின்றது என்றும், அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டொலரைப் பெறுகின்றது என்றும் கண்டனர். அந்நாட்டுத் தொகைகள் நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தா. ஆயினும் நெறி ஒன்றே. மட்டக்களப்பு நகரத்துக் கடையில் அட்டையை நீட்டும் உத்தியோகத்தரும், வாவியில் பிடித்த மீனை விற்ற காசோடு நிற்கும் மீனவரும் ஒரே விலையையே கொடுக்கின்றனர். புள்ளி சேர்வது ஒருவர்க்கே.

இனி வட்டியைக் காண்போம். கடனட்டை வட்டிக்கு இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்ட்டில் 18 வீதம் என உச்சவரம்பு விதித்தது. 2022 ஏப்ரலில் வரம்பை நீக்கியது. 2023 ஆகஸ்ட்டில் 28 வீதத்துக்குக் குறைக்குமாறு பணித்தது. அந்த 28 வீதத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபா செலவிடுவோர் ஒருவர்க்கு நூற்றுக்கு ஒரு வீதம் வெகுமதி கிடைப்பதாயின், மாதத்தில் 200 ரூபா சேரும். அதே 20,000 ரூபாவை அடைக்காது ஒரு மாதம் நிலுவையில் விட்டால் வட்டி ஏறத்தாழ 467 ரூபா. ஒரு மாதத் தவறு இரண்டு மாத வெகுமதியையும் விழுங்கி மேலும் கேட்கும்.

வெகுமதி நிலைப்பது மாதந்தோறும் தவறாது முழுத்தொகையும் அடைப்பவரிடம் மட்டுமே. அவருக்குக் கொடுக்கப்படும் பரிசில் ஒரு பங்கு, அடைக்க முடியாது தவிப்பவர் கையிலிருந்து வந்ததாகும்.

சங்கத்தின் கணக்கு

ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் தன் பெயரால் அட்டை வெளியிட எண்ணுகின்றது எனக் கொள்வோம். முந்நூறு அங்கத்தவர் அதனைப் பெறுகின்றனர். ஒவ்வொருவரும் மாதம் 20,000 ரூபா செலவிடுகின்றனர். செலவில் நூற்றுக்குக் கால் வீதத்தை வங்கி கல்லூரிக்குக் கொடுக்கின்றது. ஆண்டுச் செலவு 7 கோடியே 20 இலட்சம் ரூபா; கல்லூரி பெறுவது 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. நூல்நிலையத்துக்கு இது நல்ல தொகையே.

ஆயினும் இதனை முந்நூற்றால் வகுத்துப் பார்க்க. தலைக்கு ஆண்டுக்கு 600 ரூபா. மாதத்துக்கு 50 ரூபா! அட்டை எதுவுமின்றி, ஒவ்வோர் அங்கத்தவரும் மாதம் 50 ரூபாவை நேரே கல்லூரி நிதிக்குச் செலுத்தினால் அதே தொகை வந்து சேரும். மறுபக்கத்தையும் நோக்குக. அம்முந்நூற்றுவரில் முப்பத்துமூவர் மட்டும் ஆண்டு முழுதும் 20,000 ரூபாவை நிலுவையில் வைத்திருப்பாராயின், தலைக்கு 5,600 ரூபாவாக அவர்கள் செலுத்தும் வட்டி 1 இலட்சத்து 84 ஆயிரத்து 800 ரூபாவாகும். கல்லூரி பெற்றதிலும் இது மிகுதி. அங்ஙனமாயின் அந்த நன்கொடையைக் கொடுத்தவர் வங்கியார் அல்லர். நம்மோடு ஒரே வாங்கிலிருந்து பயின்று, இன்று பொருள் முட்டுப்பட்ட முப்பத்துமூன்று தோழர்களே ஆவர். ரொச்டேல் தொழிலாளரின் கடையில் அவரவர் பணம் அவரவர்க்கே மீண்டது. இங்கே ஒருவர் பணம் மற்றொருவர் பெயரால் நன்கொடையாகின்றது.

அறுவடை அறிந்த அட்டை

அட்டை என்பதே தீது என நாம் கூறவில்லை. ஒரு தொழிலாரின் நிலைமையை உணர்ந்து அமைத்த அட்டை ஒன்று இந்தியாவில் உண்டு. 1998இல் தொடங்கிய உழவர் கடனட்டைத் திட்டம் அது. உழவர்க்குப் பணம் விதைப்பில் வேண்டும். கைக்கு வருவதோ அறுவடையில். ஆதலின் அவ்வட்டையிற் பெற்ற பயிர்க்கடனை அறுவடையும் விற்பனையும் முடியும் காலத்தை ஒட்டி அடைக்குமாறு விதித்தனர். 2011–12ஆம் ஆண்டு தொடக்கம், 3 இலட்சம் இந்திய ரூபா வரையிலான குறுங்காலப் பயிர்க்கடனின் 7 வீத வட்டியில், காலந்தவறாது அடைப்போர்க்கு 3 வீதம் தள்ளிக் கொடுக்கப்பட்டது. இதுவும் வெகுமதியே. ஆனால், மிகுதியாக வாங்கியவர்க்கு அன்றி, ஒழுங்காக அடைத்தவர்க்கு அளித்த வெகுமதி.

வந்தாறுமூலையைச் சூழ்ந்த வயல்வெளிகளை நோக்குவோர்க்கு இதன் அருமை விளங்கும். பெரும்போகமும் சிறுபோகமுமாக வருவாய் பெறும் குடும்பத்தைப் பார்த்து, மாதந்தோறும் அடைக்க வேண்டிய அட்டையொன்று 'புள்ளி தருகின்றேன்' எனக் கூறுமாயின், அது அக்குடும்பத்தின் நாட்காட்டியை அறியாத அட்டையாகும்.

கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்

ஆகவே வெகுமதி அட்டை ஒன்று நம்மை நாடி வரும்போது நான்கு வினாக்களைக் கேட்போமாக. மாதந்தோறும் முழுத்தொகையையும் அடைக்க நம் வருவாய் இடந்தருமா? ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தபின் வெகுமதியில் எஞ்சுவது எவ்வளவு? அட்டை இல்லாதிருப்பின் இப்பொருளை வாங்கியிருப்போமா? நம் சங்கத்தின் பெயர் பொறித்த அட்டையாயின், ஒப்பந்தம் முழுவதும் அங்கத்தவர் பார்வைக்கு வைக்கப்பட்டதா? நான்குக்கும் தக்க விடை உண்டாயின் அட்டையைப் பெற்றுப் பயன் கொள்க. ஒன்றுக்கேனும் விடை தடுமாறுமாயின் விலகி நிற்பதே அறிவுடைமை.

கல்லூரிக்குக் கொடுக்க விரும்புவோர்க்கு வழி எளிது. மாதம் ஐம்பது ரூபா போதும். அதனை நேரே கொடுத்தால், கொடுத்தவர் இன்னார் என்பது தெளிவு. அதன் பொருட்டு வேறெவரும் வட்டி செலுத்தவில்லை என்பதும் தெளிவு. இந்த வெள்ளிவிழா ஆண்டில் நம் பழைய மாணவர் அனைவரும் அந்த நேர்வழியை மேற்கொள்வாராக. கல்லூரி வளர்க, அதன் மாணவர் கடனின்றி வாழ்க.