ஞானஸ்நானம் பெறாதவருக்கு மீட்பு இல்லையா?

பிரிக்பீல்ட்ஸில் பாத்திமா மாதா தேவாலயம், சீயோன் லுத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை என மூன்று சபைகளிலும் தமிழில் வழிபாடு நடக்கிறது. கிள்ளானில் பெந்தெகொஸ்தே சபைகள் பல, கடைவீட்டு மாடிகளில் கூடுகின்றன. வணங்குவது ஒரே இயேசுவைத்தான். ஆனால் தண்ணீர் என்று வந்தால் போதனை மாறும். சொல்லும் மாறும்: கத்தோலிக்கருக்குத் திருமுழுக்கு, மற்றவர்களுக்கு ஞானஸ்நானம்.

இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் ஒருவர் இயேசுவை நம்புகிறார். தாய் தகப்பன் மனம் நோகுமே, தங்கைக்கு வரன் அமையாதே என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடுகிறார். அதற்குள் இறந்துவிட்டால் அவருக்கு மீட்பு உண்டா?

வேதாகமத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. யோவான் 3ஆம் அதிகாரத்தில், நீராலும் ஆவியாலும் பிறந்தால்தான் இறையாட்சிக்குள் நுழைய முடியும் என்று நிக்கொதேமுவிடம் இயேசு சொல்கிறார். மாற்கு 16:16 நம்பிக்கையையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் தண்டனை என்று வரும்போது நம்பாததை மட்டுமே குறிப்பிடுகிறது. லூக்கா 23இல் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைக்கிறது. அவனுக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை திருமுழுக்கு அவசியம் என்றே போதிக்கிறது. ஆனாலும், 1992இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல், கடவுள் தம் அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்றும் விளக்குகிறது. திருமுழுக்குக்குத் தயாராகும்போதே இறந்தவரின் ஆசையையும், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரின் இரத்தத்தையும் அது திருமுழுக்குக்கு ஈடாக ஏற்கிறது. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு அறிக்கையும் அவசியம் என்கிறது. குழந்தைகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் கிடைக்காமல் போவது வேறு, அலட்சியமாக ஒதுக்குவது வேறு என்பது அவர்கள் விளக்கம்.

பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை நம்பிக்கையே மீட்பைத் தருகிறது, தண்ணீர் அதற்குச் சாட்சி என்கின்றன. இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சில பிரிவுகள், அது இல்லாமல் இரட்சிப்பே இல்லை என்கின்றன. பெயரிலேயே இரட்சிப்பைச் சுமக்கும் இரட்சணிய சேனையோ யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை!

தமிழர் மத்தியில் இந்தக் கேள்வியை நேரில் போய் ஆராய்ந்தவர் ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற அமெரிக்க லுத்தரன் இறையியலாளர். சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், இயேசுவை மட்டுமே வணங்கியும் ஞானஸ்நானம் பெறாத பலரைத் தமிழ்நாட்டில் சந்தித்தார். அவர் ஆய்வு 1991இல் நூலாக வந்தது. கணவர் சம்மதிக்காத மனைவிமார், உறவை இழக்க அஞ்சியவர்கள் எனக் காரணங்கள் பல. பலருக்கு ஞானஸ்நானம் என்பது குடும்பத்தையும் சமூகத்தையும் விட்டு வெளியேறுவதாகவே தெரிந்தது. இந்தியாவில் சட்டமும் குறுக்கே நின்றது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகையை இழப்பார்.

அந்தச் சட்டம் இங்கே இல்லை. குடும்பம் இருக்கிறது. தோட்டத்து லயத்திலும் நகரத்து அடுக்குமாடியிலும் ஒருவர் மதம் மாறினால் வீடே பேச்சுக்கு ஆளாகிறது. இதை அறியாமல், ஞானஸ்நானம் பெறாதவரை அரைகுறை விசுவாசி என்று தள்ளுவது நியாயமாகப் படவில்லை.

சபை மாறுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தைப் பெந்தெகொஸ்தே சபைகள் ஏற்பதில்லை. மறுபடி முழுக வேண்டும். கத்தோலிக்கரோ தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் வேறு சபையில் பெற்றதையும் ஏற்பார்கள், இரண்டாம் முறை கொடுக்க மாட்டார்கள். கலப்புத் திருமணம் பேசும் வீடுகள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவமனையில் உயிர் ஊசலாடும் ஒருவர் கேட்டால்? கத்தோலிக்க முறையில் பாதிரியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் எவரும், இந்துத் தாதியே ஆனாலும், திருச்சபையின் நோக்கத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொன்னால் திருமுழுக்கு செல்லும்.