குணமடைந்த குழந்தைக்கு மீண்டும் தடுப்பூசி

கொச்சியின் பழைய வாணிபப் பகுதியான மட்டாஞ்சேரியில், நறுமணப் பொருள் கிடங்குகளை ஒட்டிய குறுகிய சந்துகளில் குடியிருப்புகள் நெருங்கி அமைந்துள்ளன. புற்றுநோயிலிருந்து மீண்டு இத்தகைய வீட்டிற்குத் திரும்பும் குழந்தைக்கு மற்றோர் இடர் காத்திருக்கிறது. அதுவே வைரஸ் தொற்று.

குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோயாகும். இது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதிற்குள் தோன்றுகிறது. சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். புற்றணுக்களை அழிக்கும் மருந்துகள், உடலின் எதிர்ப்பாற்றலுக்கு ஆதாரமான வெள்ளணுக்களையும் அழிக்கின்றன. இதனால், முன்னர் இடப்பட்ட தடுப்பூசிகளின் பயன் பல குழந்தைகளிடம் குறைந்தோ மறைந்தோ விடுகிறது.

தட்டம்மை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தடுப்பாற்றல் இல்லாத சூழலில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை இந்நோய் பரவக்கூடும். 2022ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இது பரவியது நினைவிருக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் வலுவிழந்த நிலையில் இருப்பதால், சிகிச்சைக் காலத்தில் அதனை இடலாகாது. சிகிச்சை முடிந்து சுமார் ஆறு மாதங்களுக்குப் பின், மருத்துவரின் ஆலோசனைப்படி மீண்டும் இடுதல் வேண்டும். மஞ்சட்காமாலை பி தடுப்பூசிக்கும் மறு ஊசி தேவைப்படும். மீண்டவர்களுக்கு எச்.பி.வி. வைரஸ் சார்ந்த புற்றுநோய் அபாயம் மிகுதியாதலால், உரிய வயதில் அத்தடுப்பூசியும் இன்றியமையாதது. இந்தியாவில் உருவான எச்.பி.வி. தடுப்பூசி 2022இல் ஒப்புதல் பெற்றது.

ஆயின், திட்டத்தில் ஓர் இடைவெளி உள்ளது. 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வயதை அடிப்படையாகக் கொண்டது. தட்டம்மை ஊசி தவறியோர்க்கு ஐந்து வயது வரையே அதில் இடமுண்டு. நான்கு வயதில் நோயுற்று ஏழு வயதில் குணமடையும் குழந்தை அவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. சிகிச்சைக்காகச் சேமிப்பை இழந்த குடும்பத்திற்கு, ஊசியின் சிறு செலவும் சுமையே.

திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற நிலையங்கள் உயிர் காக்கின்றன. அவற்றிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் மறு தடுப்பூசி அட்டவணை வழங்கி, அதன் படியை உள்ளூர் சுகாதார நிலையத்திற்கு அனுப்புவது பயனளிக்கும். உடன்பிறந்தோர்க்கும் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி முழுமையாக இடப்படுவதும் அக்குழந்தைக்கு அரணாகும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. வயது வரம்பில் ஒரு தளர்வும், இரு நிலையங்களிடையே ஓர் ஒருங்கிணைப்பும் போதும். பெருஞ்செலவில் மீட்ட உயிரைச் சிறு ஊசியின்றி இழத்தல் தகாது.