மூட்டை அரிக்கும் உள்சவ்வு

பால்மரம் வெட்டுகிறவர்கள் பொழுது விடியும் முன்பே நிரைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுமுன்தான் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். முடக்கு வாதம் வந்தவருக்கு விரல்கள் மடங்க மறுப்பதும் அதே நேரத்தில்தான். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கத் தோட்டங்களில் உழைத்துவிட்டு ஈப்போவின் குடியிருப்புகளுக்கு வந்துசேர்ந்த குடும்பங்களில் இந்த வலிக்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: "கத்தி பிடிச்ச கை, தேஞ்சு போச்சு."

தேய்மானம் வேறு நோய். அதில் வேலை செய்யச் செய்ய வலி கூடும், ஓய்வில் குறையும். முடக்கு வாதத்தில் காலை இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும்; கையை அசைக்க அசைக்கத் தளரும். பின்னிரவில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் உயர்வது இதற்கு ஒரு காரணம்.

நோய் மையம் கொள்ளும் இடம் மூட்டின் உள்சவ்வு. நலமான மூட்டில் இதன் மேற்பரப்பு ஓரிரண்டு உயிரணு தடிமன்தான். அங்கே இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. விழுங்கணுக்கள் கழிவை அகற்றிக் காவல் காக்கும். நாரணுக்கள் மூட்டு வழுவழுப்பாக அசைவதற்கான ஹயலூரானிக் அமிலத்தைச் சுரக்கும். எதிர்ப்பாற்றல் தடம் மாறி உடலையே தாக்கும்போது இந்த மெல்லிய படலம் பத்து அடுக்குக்கும் மேல் தடித்து, புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொண்டு, கவனிப்பாரற்ற நிரையில் லாலாங் புல் படர்வதுபோல் குருத்தெலும்பின் மேல் ஏறுகிறது. நாரணுக்கள் சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கின்றன. நாரணுக்கள் தூண்டிவிடும் எலும்புண்ணி அணுக்கள் எலும்பைக் குடைகின்றன.

எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளில், நோயாளியின் நாரணுக்களை மனிதக் குருத்தெலும்போடு சேர்த்து ஆய்வாளர்கள் பதித்துப் பார்த்தார்கள். தூண்டிவிட ஆளில்லாத அந்த இடத்திலும் அவை குருத்தெலும்பை அரித்தன. 2009இல் வெளியான ஆய்வில், அவை ரத்தத்தின் வழியே பயணித்துத் தொலைவில் பதித்த குருத்தெலும்பையும் தாக்கியது தெரிந்தது. பழகிய கெட்ட குணத்தை இந்த அணுக்கள் எளிதில் விடுவதில்லை.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் நோயாளிகளின் உள்சவ்வு அணுக்களை வளர்த்துப் பார்த்து, டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தைத் தடுத்தால் மற்ற அழற்சிப் புரதங்களும் அடங்குவதைக் கண்டார்கள். 1992இல் அந்தத் தடுப்பு முறை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, இன்றைய உயிரியல் மருந்துகளுக்கு வழி திறந்தது.

மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். முடக்கு வாத நோயாளிகளிடையே அவர்களின் பங்கு அதைவிட மிக அதிகம். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு நடத்திய ஆய்வு, மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும் குறிப்பிட்ட மரபணு வகைகள் நோய் வாய்ப்பைக் கூட்டுவதைக் காட்டியது. துணித் தூசியைச் சுவாசித்து வேலை செய்த பெண்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது.

தேய்மானம் என்று நம்புகிறவர் தைலம் தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்துவார். வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து, தொடக்கத்திலேயே கொடுத்தால் பலருக்கும் சவ்வை அடக்கிவிடும். அரித்துப்போன எலும்பு திரும்ப வளர்வது அரிது. இரண்டு கைகளின் மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கி ஆறு வாரம் தாண்டினால், அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் போவது நல்லது. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எழுந்து எத்தனை நேரம் கழித்துக் கை மடங்குகிறது என்பதை.