உப்பளத்துச் சைக்கிள் மலையிறங்கப் போகிறது! இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

400 மீட்டர் உயரத்திலிருந்து சைக்கிளில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால், அந்தச் சூட்டில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம், தெரியுமா? ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ என்று வையுங்கள். 400 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 3,90,000 ஜூல்! காற்றும் டயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக, மிச்சம் முழுவதும் டிஸ்க் என்கிற இரண்டு எஃகு பிரேக் தட்டுகளின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் மலையிறங்கும் சைக்கிள்களின் டிஸ்க், 200 மில்லிமீட்டர் அகலத்துக்கு அத்தனை பெரிதாக இருக்கிறது.

டிஸ்க் பிரேக் வராத காலத்தில் என்ன செய்தார்கள்? கிரீஸையே எரித்தார்கள்! 1976 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரை ஒட்டிய மலையில், சில இளைஞர்கள் பழைய தடிமனான சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேலே போய், மண்பாதையில் ஒருவர் பின் ஒருவராகக் கீழே பாய்ந்தார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்து ஹப்பிலிருந்து புகை கிளம்பும். உள்ளே இருந்த கிரீஸ் மொத்தமும் காலி. அடுத்த முறை இறங்க வேண்டுமானால் ஹப்பைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. நம்மூர் சைக்கிள் கடையில் வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் ஓவராயில் வேலையை அவர்கள் ஒவ்வொரு இறக்கத்துக்கும் செய்தார்கள்! மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். செஞ்சி ராஜகிரியின் உயரமே சுமார் 240 மீட்டர்தான் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே தனியாக ஒரு சைக்கிளைச் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் மலைச் சைக்கிள்களை விற்கக் கம்பெனியே தொடங்கினார்கள்.

இப்போது நம் கடற்கரை உப்பள ஊரான மரக்காணத்துக்கு வாருங்கள். இதைவிட மட்டமான தரை எங்கே கிடைக்கும்? உப்பு சீசன் தொடங்குமுன் பாத்தியில் தண்ணீர் விட்டு, காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி மட்டமாக்குகிற ஊர் இது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவதும் இங்கேதான். இந்தக் கரையில் சைக்கிள் பழகிய ஒரு பையனோ பெண்ணோ முதல்முறையாக, மலையிறங்கும் சைக்கிள் பாதைகள் கொண்ட ஒரு டவுன்ஹில் பைக் பார்க்குக்குக் கிளம்பினால், முதல் எதிரி மலை இல்லை. கடல்!

உப்பளத்து ஓரம் நிறுத்தியிருக்கும் ஒரு சைக்கிளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செயின் இணைப்புகளுக்கு நடுவே செம்பழுப்புப் பொடி. பிரேக் வயர் நுழையும் இடத்தில் வெள்ளைப் பூப்பு. சீட்டைத் தாங்கும் குழாய் ஃப்ரேமுக்குள் இறங்கும் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு போல ஒரு படிவு. ஏன் இப்படி? காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும், தெரியுமா? மழையே வேண்டாம்! கடற்கரை இரவுகளில் அந்த ஈரம் சர்வ சாதாரணம். சைக்கிளின் மேல் படிந்த உப்புத்தூள் ஒவ்வொரு இரவும் உப்புநீராக மாறி, விடியற்காலை வரை இரும்பைத் தின்கிறது.

இதில் மிகப் பெரிய ஆச்சரியம் அந்த சீட் போஸ்ட்தான். இரும்பு ஃப்ரேமுக்குள் அலுமினியக் குழாய், நடுவில் உப்புநீர்: இது ஒரு பேட்டரி! அலுமினியம் அரித்து, வீங்கி, ஃப்ரேமோடு பூட்டிக்கொள்ளும். சமதரையில் ஓட்டும் வரை அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மலை இறக்கத்திலோ சீட்டை நன்றாகத் தாழ்த்தியே ஆக வேண்டும். உடலைப் பின்னாலும் கீழேயும் நகர்த்த இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மேடு தட்டியதும் சீட் இடுப்பில் இடித்து உங்களை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறிந்துவிடும். ஆகவே, சைக்கிளைக் கொண்டுபோவதென்றால், ஒரு மாதம் முன்பே சீட் போஸ்டைக் கழற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். வராவிட்டால் கடைக்காரரிடம் விடுங்கள். சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள்.

பிரேக் ஆயில் விஷயம் தெரியுமா? சில டிஸ்க் பிரேக்குகளில் டாட் ஆயில், சிலவற்றில் மினரல் ஆயில். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம்! அதற்கு மேல் உள்ளே நீராவிக் குமிழி. லீவரை அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போகும், சைக்கிள் நிற்காது. ஈரக்கரையில் வருஷக்கணக்கில் நின்ற சைக்கிளுக்கு ஆயில் மாற்றாமல் மலைப்பக்கம் போகவே கூடாது. ஒன்றில் போட வேண்டியதை மற்றதில் ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். லீவர் மேலேயே எந்த ஆயில் என்று அச்சடித்திருக்கும், படியுங்கள். பிரேக் பேட் புதிதென்றால் சமதரையிலேயே இருபது முப்பது முறை வேகமெடுத்து, மெல்ல அழுத்திப் பழக்கிய பிறகுதான் அது முழுப் பிடி கொடுக்கும்.

பயிற்சிக்கு மலை வேண்டாம் என்பது தெரியுமா? பொங்கலுக்கு ஊருக்கு ஊர் நடக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸ்தான் முதல் வகுப்பு! கால் ஊன்றாமல், கடைசியாக வந்தால் பரிசு. அதில் ஜெயிக்கிறவருக்குத் தேவையானதெல்லாம் மலையிறங்குகிறவருக்கும் தேவை: பெடல் இரண்டும் சமமாக, பின்புறம் சீட்டில் படாமல், முழங்கை மடிந்து வெளியே விரிந்து, கண் முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில். பிரேக்குக்கு ஒரு விரல் போதும். மற்ற விரல்கள் பிடியை விடவே கூடாது. தினமும் கால் மணி நேரம் மைதானத்தில் இப்படி நின்றபடி ஓட்டுங்கள். உப்பள வரப்பில் மட்டும் வேண்டாம். அது பிழைப்பு நடக்கும் இடம். வரப்பு உடைந்தால் தெளிந்த உப்புநீரில் பச்சைத் தண்ணீர் கலந்து பாத்தி வீணாகும். மண்பாதை பழக வேண்டுமா? ஆரோவில் பக்கத்துச் செம்மண் தடங்கள் இருக்கின்றன. எது பொதுவழி என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

டயரில் காற்று? ரோட்டில் கல் மாதிரி இறுக்கி அடிப்போமே, அது மலையில் ஆபத்து. அகலமான மலை டயருக்கு 22 முதல் 28 பிஎஸ்ஐ போதும். மண்ணை அப்போதுதான் கவ்வும்.

தலைக்கு? தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ் சைக்கிள் ஹெல்மெட். இதற்கென்றே ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்று தனித் தரம் இருக்கிறது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே அழகாக இருந்தாலும் குப்பைக்குத்தான். முழங்கால் பேட், முழங்கை பேட், விரல் முழுக்க மூடும் கையுறை, தட்டையான அடி உள்ள ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம்!

அவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று கேட்கிறீர்களா? ஃபிரான்ஸைச் சேர்ந்த எரிக் பரோன் 2017-இல், 56 வயதில், வார்ஸ் என்ற இடத்துப் பனிச்சரிவில் சைக்கிளில் மணிக்கு 227.72 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். 56 வயதில்! அதே மனிதர் 2002-இல் நிகராகுவாவின் செர்ரோ நெக்ரோ எரிமலைச் சரிவில் மணிக்கு 172 கிலோமீட்டரைத் தாண்டியபோது சைக்கிள் உடைந்து உருண்டார். உயிர் பிழைத்தது பாதுகாப்புக் கவசத்தால்தான். சிலி நாட்டு வால்பரைசோ துறைமுகத்திலோ ஊரின் படிக்கட்டுகள் வழியாகவே பந்தயம் விடுகிறார்கள்! ஃபிரெஞ்சு ஆல்ப்ஸில் 1995 முதல் நடக்கும் மெகாவலாஞ்ச் பந்தயம் 3,330 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது.

நம் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் 28-ஆவது ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில் நடந்தது. வெளிநாட்டில் வாழும் நம் சொந்தங்களுக்கோ பார்க் வாசலிலேயே இருக்கிறது: நார்வேயில் ஹாஃப்யெல், சுவிட்சர்லாந்தில் லென்சர்ஹைடே, இரண்டும் உலக சாம்பியன்ஷிப் நடந்த இடங்கள், 2014-லும் 2018-லும். கனடாவின் விஸ்லர்தான் இவற்றுக்கெல்லாம் பேர்போன பார்க். பனிச்சறுக்குக்காரர்களைத் தூக்கிச்செல்லும் லிஃப்டே கோடையில் சைக்கிளையும் மேலே தூக்கிச்செல்கிறது.

அங்கே பாதைகளுக்கு நிறம் உண்டு. அதுவும் பனிச்சறுக்கிலிருந்து வந்ததுதான். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் என்றால் சுலபம், நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் கைதேர்ந்தவர்களுக்கு. ஐரோப்பாவில் சிவப்பும் சேரும். போகும் நாட்டின் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

முடிந்தால் சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கும் சஸ்பென்ஷன் உங்கள் எடைக்கேற்ப சரிசெய்து தரப்படும். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். முதல் நாள் பச்சைப் பாதைதான். அதே பாதையில் முதல்முறை நடை வேகம், இரண்டாம் முறை கொஞ்சம் கூட. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். குதிக்கும் மேடுகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். நிற்க வேண்டுமானால் பாதையை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். மேலிருந்து வருகிறவருக்கு உங்களைத் தெரியாது.

கால் அல்ல, முன்கைதான் முதலில் சோரும். விரல் லீவரில் நடுங்க ஆரம்பித்தால், டிக்கெட்டில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். தனியாக மட்டும் போகாதீர்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.