எடை காட்டாததைப் படம் காட்டும்

நெடுநாளாக நோயுற்றிருப்பவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது, "உடம்பு ஒன்றும் இளைக்கவில்லையே!" என்று ஆறுதல் கூறுவது நம் வழக்கம். அந்த ஆறுதல் எப்போதும் உண்மையாகிவிடுவதில்லை.

எடை இயந்திரம் உடலின் மொத்தப் பாரத்தை மட்டுமே கூறும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தேங்கிய நீர் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அதற்கு இயலாது. தசை கரைந்த அளவுக்குக் கொழுப்போ வீக்கத்தின் நீரோ சேர்ந்துவிட்டால் முள் அசையாமலே நிற்கும். பருத்த உடலுக்குள்ளும் ஊட்டக்குறைவு ஒளிந்திருக்கலாம் என்பது இதனால்தான்.

கனடாவில், பருமனான புற்றுநோயாளிகள் 250 பேரின் சி.டி. ஸ்கேன் படங்களை ஆராய்ந்து, 2008இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அவர்களுள் 38 பேருக்குத் தசை மிகவும் குன்றியிருந்தது. அவர்களது அன்றாடச் செயல்திறன் குறைந்திருந்ததோடு, வாழ்நாளும் ஏனையோரைவிடச் சுருங்கியிருந்தது. பார்வைக்கு அவர்கள் அனைவரும் பருத்தவர்களே!

படத்தில் தசையை அளப்பது எவ்வாறு? கீழ்முதுகின் மூன்றாம் முள்ளெலும்புக்கு நேரான ஒரே குறுக்குவெட்டுப் படம் போதும். தசையும் கொழுப்பும் கதிர்களை வெவ்வேறு அளவில் தடுப்பதால், கணினி அவற்றைப் பிரித்துத் தசையின் பரப்பைக் கணக்கிடுகிறது. அப்பரப்பு உடல் முழுவதிலுமுள்ள தசையின் அளவோடு பெரிதும் ஒத்துச்செல்கிறது.

எனினும், இதற்காக மட்டும் சி.டி. ஸ்கேன் எடுப்பது வழக்கமன்று. கதிர்வீச்சும் செலவும் உண்டு. நோய்க்காக ஏற்கெனவே எடுத்த படத்தையே இதற்கும் பயன்படுத்தலாம். படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் கருவியால் தொடைத் தசையின் தடிப்பை அளப்பது மற்றொரு வழி. அதில் கதிர்வீச்சு இல்லை. மீண்டும் மீண்டும் அளக்கலாம்.

வீட்டில் ஓர் அளவுநாடா போதும். கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் மருத்துவரிடம் கூறுவது நன்று. ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவு இது. காலில் வீக்கமிருந்தால் இவ்வளவும் ஏமாற்றிவிடும்.

தசைக்குறைவு தெரியவந்தால் முட்டை, மீன், பருப்பு முதலிய புரத உணவும், இயன்ற உடற்பயிற்சியும் துணைசெய்யும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும்.

ஆகவே, நோயாளியின் ஸ்கேன் படத்தைப் பெறும்போது, "நோய் குறைந்திருக்கிறதா?" என்பதோடு, "தசை குறைந்திருக்கிறதா?" என்றும் கேட்போம். அந்த ஒரு கேள்வியால் அவரது உணவுத் தட்டு உரிய காலத்தில் மாறக்கூடும்.