தாலிக்குப் பிறகு ஒரு தாள்

கடந்த ஆண்டு என் கணவர் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை திறந்தார். கையிருப்பு போதவில்லை. கல்யாணத்திற்கு அம்மா போட்ட நகைகளை அடகு வைத்து முதல் கொடுத்தேன். மனமுவந்துதான் கொடுத்தேன். ஆனால் அடகுச் சீட்டில் என் பெயர், கடைப் பதிவில் அவர் பெயர் மட்டும். அது மனத்தை உறுத்தியது.

“ஏங்க, இதை ஒரு தாள்ல எழுதி வச்சுக்கலாமா?” என்று கேட்டேன்.

“ஏழு வருஷம் ஒன்னா வாழ்ந்துட்டு, இப்ப எதுக்கு எழுத்து? பிரியப் போறோமா?”

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. வானொலியில் தினமும் மணிக்கணக்கில் பேசுபவள் நான்!

மூன்றாம் நாள் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். திருமணத்திற்குப் பின் தம்பதியர் சொத்து, கடன் பற்றிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் நான் கேட்டதுதான் என்றார்.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கை 1976ஆம் ஆண்டுச் சட்டம் கவனிக்கிறது. அதன் 76ஆம் பிரிவுப்படி சொத்தைப் பங்கிடுவது நீதிமன்றம். யார் எவ்வளவு பணமும் உழைப்பும் போட்டார்கள், குடும்பத்திற்காக வாங்கிய கடன் என்ன, பிள்ளைகளின் தேவை என்ன என்று நீதிபதி பார்ப்பார். 2018 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்த திருத்தம், மணவாழ்வின் காலத்தையும் கணக்கில் சேர்த்தது. வீட்டையும் குடும்பத்தையும் கவனித்துக்கொள்வதும் பங்களிப்பே. சமபங்கை நோக்கியே நீதிமன்றம் சாய வேண்டும்.

அதனால் நம் தாள் நீதிபதியின் கையைக் கட்டாது. பிள்ளைகளின் பராமரிப்பு, ஜீவனாம்சம் பற்றி எழுதியதையும் நீதிமன்றம் மாற்றலாம். ஆனால் யார் எதைக் கொடுத்தார், எந்த எண்ணத்தில் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. ஐல் ஆப் மேன் தீவைச் சேர்ந்த ஒரு வழக்கில், 2008இல் லண்டன் பிரிவி கவுன்சில் இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உலகம் போகும் திசை தெரிகிறது.

“மிரட்டியோ மறைத்தோ வாங்கிய கையெழுத்து நிக்காது. உங்க கணவருக்குத் தனி வழக்கறிஞர் வேணும். முதல்ல ரெண்டு பேரும் உள்ள சொத்து, கடன் எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க” என்றார் வழக்கறிஞர்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு தாள். என்னுடையது பத்து நிமிடத்தில் முடிந்தது. அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கடைசி வரியை எழுதித் தாளை என் பக்கம் தள்ளினார்: தம்பிக்காக எடுத்த தனிநபர் கடன், 18,000 வெள்ளி. எனக்குத் தெரியாமல் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் ஏழு ஆண்டுகளில் எங்கள் கணக்கு முழுவதும் ஒரே மேசைக்கு வந்தது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்துக் கையெழுத்திட்டோம். நகை என்னுடையது; கடை லாபத்தில் முதலில் அதை மீட்க வேண்டும்; தம்பிக்கான கடன் அவர் பொறுப்பு. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் நகையோ, சேமநிதிப் பணமோ யாருடைய தொழிலிலாவது போயிருக்கலாம். சண்டை வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பேனா பிடிக்கக் கை வராது. நல்லா இருக்கும்போதே எழுதுங்கள்.

எங்கள் நகையில் பாதி மீண்டுவிட்டது. வளையல் மட்டும் பாக்கி.